மெக் மாடில் எத்தனை ஓம் காயில் போடலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வேப்பிங்குக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுப்பதற்கு, புதிதாக ஒரு மெக்கானிக்கல் மாட் (சுருக்கமாக மெக் மாட், சிப் இல்லாத கருவி) வாங்கியிருக்கிறீர்கள், அதில் போடுவதற்கு 18650 அளவில் ஒரு பேட்டரியும், 0.15 ஓம் என்று குறித்த ஆயத்தக் காயில்களும் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்கள்) கையில் இருக்கின்றன. பேட்டரியின் உறைமேல் 35 ஆம்பியர் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. காயிலைப் பொருத்திப் பொத்தானை அழுத்தலாமா? வேண்டாம் என்பதே என் பதில். ஏன் வேண்டாம் என்பதையும், எப்போது அழுத்தலாம் என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி தெரிந்துகொள்வது ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட மோசம்.

எத்தனை ஓம் வரை போனால் பயமில்லை என்றுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். தனியாக அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. 0.3 ஓம் காயிலை ஒரு பேட்டரி சிரமமில்லாமல் தாங்கும், அதே அளவுள்ள இன்னொரு பேட்டரி அதே காயிலால் கொதித்துப்போகும். எனவே முதலில் பேட்டரி, அதற்குப் பிறகே காயில் என்ற வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. இன்னொன்றும் உண்டு. இந்த ஓம் கணக்கு முழுவதும் மின்சாரம் காயில் வழியாகத்தான் போகிறது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. அதற்கு வேறொரு குறுக்கு வழி கிடைத்துவிட்டால், நீங்கள் எத்தனை தசமத்துக்குக் கணக்குப் போட்டிருந்தாலும் அது செல்லாது. கணக்கைக் கற்றுக்கொண்டதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். குறுக்கு வழிகளைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மெக் மாட் என்பது பழைய டார்ச் விளக்கின் வேலையைச் செய்யும் ஒரு குழாய். உள்ளே பேட்டரி, கீழே ஒரு பொத்தான், மேலே பல்புக்குப் பதிலாக அட்டமைசர், அதாவது காயிலும் திரவத்தை உறிஞ்சும் பஞ்சும் இருக்கும் ஆவியாக்கி. இதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சிப் உள்ள சாதாரணக் கருவிகளில், காயில் ஷார்ட் ஆனாலும், பேட்டரியைத் தலைகீழாகப் போட்டாலும், சார்ஜ் மிகவும் இறங்கினாலும், பொத்தானை விடாமல் பத்து விநாடிக்கு மேல் அழுத்தினாலும் அந்த சிப்தான் மறுத்துவிடும். மெக் மாடில் மறுப்பதற்கு ஆளில்லை. பொத்தானை அழுத்திய கணத்தில் பேட்டரியின் இரு முனைகளும் காயிலின் இரு கால்களோடு நேராகச் சேர்ந்துவிடுகின்றன, எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைக் காயிலின் மின்தடை ஒன்றே தீர்மானிக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே, வேப்பிங்கில் முதல் கருவியாக மெக் மாடை எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சிப் உள்ள கருவியில் சில மாதம் காயில் சுற்றிப் பழகிய பெரியவர்கள்தாம் இதைத் தொட வேண்டும். நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்பதால் மேலே போகலாம்.

கணக்கு எளியது. ஜெர்மானிய இயற்பியலர் கேயார்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதிதான் அடிப்படை: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். அந்த மின்னோட்டத்தை மறுபடி மின்னழுத்தத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். பேட்டரியின் மேல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் அயான் பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கிறது, ஆகவே எப்போதும் 4.2ஐ வைத்தே கணக்கிட வேண்டும். சுமை ஏறியதும் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்பதும், அதனால் உண்மையான மின்னோட்டம் கணக்கைவிடக் குறைவு என்பதும் சரிதான். ஆனால் அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்வதே அறிவு.

இப்போது எண்களைப் பாருங்கள். 1 ஓம் காயிலுக்கு 4.2 ஆம்பியர், 0.5 ஓமுக்கு 8.4, 0.4 ஓமுக்கு 10.5, 0.3 ஓமுக்கு 14, 0.2 ஓமுக்கு 21, உங்கள் கையில் இருக்கும் 0.15 ஓமுக்கு 28, 0.1 ஓமுக்கு 42 ஆம்பியர். ஓம் குறையக் குறையச் சுமை குறைகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கம் உண்டு. 0.5 ஓமிலிருந்து 0.4க்கு இறங்கினால் கூடுதலாகப் பாய்வது 2.1 ஆம்பியர். 0.2 ஓமிலிருந்து 0.1க்கு இறங்கினாலோ 21 ஆம்பியர் கூடுகிறது. இரண்டு இடத்திலும் வித்தியாசம் அதே 0.1 ஓம்தான். படிக்கட்டின் மேல்படிகள் தாழ்வாகவும் கீழே போகப் போகக் கிணற்றுச் சுவர்போலச் செங்குத்தாகவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓரடி தவறினால் கால் சுளுக்கும். கீழே அதே ஓரடி தவறினால் ஆளே உள்ளே.

அளவுப்பிழை இந்தச் சரிவில்தான் ஆளை விழுத்துகிறது. உங்கள் ஓம் மீட்டர் 0.15 என்று காட்டுகிறது, அதன் துல்லியம் 0.03 ஓம் முன்பின் என்று கொள்வோம். உண்மையான மின்தடை 0.18 என்றால் 23 ஆம்பியர் சொச்சம், 0.12 என்றால் 35 ஆம்பியர். ஒரே வாசிப்புக்கு இரண்டு பொருள். ஒன்றுக்கொன்று 12 ஆம்பியர் தள்ளி நிற்கின்றன. இதே பிழை 0.6 ஓம் காயிலில் இருந்தால் அந்த இடைவெளி ஓர் ஆம்பியர்கூட வராது. குறைந்த ஓமில் அனுபவசாலிகள் விளையாடுவதைப் பார்த்துப் புதியவர்கள் இறங்கக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது பேட்டரி. 18650 என்ற எண் அதன் உடலளவைச் சொல்கிறதே தவிர ஆற்றலைச் சொல்லவில்லை: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவம் என்பதற்கு அடையாளம். 20700, 21700 என்பவையும் இதே முறையில் வைத்த பெயர்கள். ஒரே அளவுக் குப்பிக்குள் எதை நிரப்புகிறார்கள் என்பதில் தயாரிப்பாளருக்கு ஒரு பேரம் இருக்கிறது: மின்முனைப் பூச்சைத் தடிமனாகப் பூசினால் அதிக நேரம் வரும், ஆனால் வேகமாக மின்னோட்டம் எடுக்க முடியாது, மெல்லியதாகப் பூசினால் வேகம் வரும், நேரம் குறையும். சாம்சங் 25ஆர் 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவும் 20 ஆம்பியர் தொடர் மின்னோட்டமும் தருகிறது. சோனி விடிசி5ஏ 2600க்கு 25 ஆம்பியர். சோனி விடிசி6 3000 மில்லி ஆம்பியர் மணி வரை போகிறது, அதற்கு ஈடாகத் தொடர் மின்னோட்டம் 15 ஆம்பியராக இறங்கிவிடுகிறது. (சோனியின் பேட்டரித் தொழில் 2017இல் முராட்டாவின் கைக்குப் போனதால் இப்போது அந்தப் பெயரிலும் இவற்றைப் பார்க்கலாம்.) ஆகவே, மில்லி ஆம்பியர் மணி கூடுதலாக இருக்கும் பேட்டரிதான் வலுவானது என்று எடுத்துக்கொள்வது மெக் மாடைப் பொறுத்தவரை தலைகீழ்ப் பாடம்.

பேட்டரியின்மேல் இரண்டு வகை ஆம்பியர் எண்கள் இருக்கலாம். ஒன்று, முழுச் சார்ஜிலிருந்து தீரும் வரை நிறுத்தாமல் எடுக்கத்தக்க தொடர் மின்னோட்டம். மற்றது, சில விநாடிகளுக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம். உச்ச எண்ணுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. எத்தனை விநாடி, நடுவில் எவ்வளவு ஓய்வு, எந்த வெப்பநிலை என்று சொல்லாமல் அதை அச்சிடுவதில் பொருளும் இல்லை. விடிசி6க்கே 30 ஆம்பியர் என்று ஓர் எண் புழங்குகிறது. அது பேட்டரியின் வெப்பம் 80 பாகையைத் தொட்டதும் துண்டித்துவிடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் பொருந்தும் எண். உங்கள் மெக் மாடில் அப்படித் துண்டிக்க எந்த ஏற்பாடும் இல்லை. எனவே நீங்கள் பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்டம் மட்டுமே. அதையும் உறையில் பார்க்காமல், உறைக்குள் இருக்கும் செல்லைச் செய்த ஆலையின் தரவுத்தாளில் பார்க்க வேண்டும். வண்ண உறை போட்டு விற்கும் பல பெயர்களுக்குச் சொந்தமாகச் செல் ஆலையே கிடையாது; எங்கிருந்தோ வாங்கி, உறையை மாற்றி, எண்ணை ஏற்றி விற்கிறார்கள். உங்கள் பேட்டரியின் உறையில் 35 என்று இருக்கிறது, உள்ளே இருக்கும் செல் யார் செய்தது என்று உங்களால் சொல்ல முடியவில்லை. அந்த நிலையில் 35ஐ ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த செல்களையும் இதே வரிசையில் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். அவை சில ஆம்பியருக்காகச் செய்யப்பட்டவை.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தச் செல்களைச் செய்யும் பெரிய நிறுவனங்கள், இவை பாதுகாப்புச் சுற்றோடு கூடிய பேட்டரிப் பெட்டிகளுக்காகச் செய்தவை, தனிச் செல்லாக நுகர்வோர் கையாளக் கூடாது என்றே சொல்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் தனியாக விற்கப்படும் 18650 செல்களைப் பற்றி இதே எச்சரிக்கையைத்தான் வெளியிட்டது. நாம் செய்வது செய்தவர்களே அனுமதிக்காத ஒரு பயன்பாடு என்ற நினைவோடு செய்ய வேண்டும்.

இனிக் காயிலின் கீழ் எல்லையைக் கண்டுபிடிக்கும் முறை. உண்மையான தொடர் மின்னோட்ட எண்ணில் கால்பங்கைக் கழித்துவிட்டு, மீதியால் 4.2ஐ வகுங்கள். 20 ஆம்பியர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் மீதி; எல்லை 0.28 ஓம். 25 ஆம்பியர் பேட்டரிக்கு ஏறத்தாழ 0.23 ஓம். 15 ஆம்பியர் பேட்டரிக்கு 0.38 ஓம். கால்பங்கு என்பது ஏதோ சாத்திரத்தில் இருப்பதன்று, என் வழக்கம். பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்தடை கூடி, அதே வேலைக்கு அதிகமாகச் சூடாகும் என்பதால் அந்த இடைவெளியை விட்டு வைக்கிறேன். முதல் சில மாதங்களுக்கு 0.5 ஓமுக்குக் கீழே போகாமல் இருங்கள் என்பேன். 0.5 ஓமில் 35 வாட் கிடைக்கிறது. ஆவிக்கு அது தாராளம். உங்களுடைய 0.15 ஓம் காயில்கள் 28 ஆம்பியரும் கிட்டத்தட்ட 118 வாட்டும் கேட்கின்றன. இரண்டு பேட்டரி போடும் சிப் கருவிகளுக்காகச் சுற்றியவையாக இருக்கலாம். சிப் கருவியில் பேட்டரியிலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டத்தை நீங்கள் வைக்கும் வாட் தீர்மானிக்கிறது, காயிலின் ஓம் நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. அதனால் அங்கே பொருந்துவது இங்கே பொருந்தாது.

காயிலை நீங்களே சுற்றினால் கம்பி என்ன உலோகம் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நடந்ததைப் போலவே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 26 கேஜ் கம்பி, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் தடிமன். 3 மில்லிமீட்டர் கம்பிக்கோலில் ஆறு சுற்று. இரு பக்கமும் ஐந்து ஐந்து மில்லிமீட்டர் கால். ஒரு சுற்றுக்குச் சுமார் 10.7 மில்லிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 74 மில்லிமீட்டர் கம்பி. அது காயிலுக்கு வழக்கமான கான்தல் ஏ1 என்ற கலவை உலோகம் என்றால், மீட்டருக்கு 11.3 ஓம் என்ற கணக்கில் ஒரு காயில் 0.83 ஓம். அட்டமைசரில் இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினால் மின்தடை பாதியாகும், ஆக 0.42 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர். நல்லது. இப்போது அடுத்த சுருளை எடுக்கும்போது கை தவறி, பார்வைக்கு வித்தியாசமே தெரியாத 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை எடுத்துவிட்டீர்கள். அதே தடிமன், அதே கோல், அதே ஆறு சுற்று. அதன் மின்தடை கான்தலில் ஏறக்குறைய பாதிதான். ஒரு காயில் 0.43 ஓம், இரண்டும் சேர்ந்து 0.21 சொச்சம், மின்னோட்டம் 19.5 ஆம்பியர். கைவேலையில் எந்தப் பிழையும் இல்லை, 15 ஆம்பியர் பேட்டரி மட்டும் வரம்பைத் தாண்டிப் போய்விட்டது. நிக்ரோம் 80 என்ற கம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். தூய நிக்கல், டைட்டேனியம் கம்பிகள் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சிப் கருவிகளுக்கு உரியவை. மெக் மாடின் பக்கமே கொண்டுவர வேண்டாம். கம்பிச் சுருள்களின்மேல் நிலைக்கும் மையால் பெயர் எழுதி வைப்பது சின்ன வேலை; நான் சுருளின் இரண்டு முகத்திலும் எழுதுகிறேன்.

சுற்றிய காயிலை அளக்காமல் மெக் மாடில் வைக்கவே கூடாது, அளப்பதற்குச் சாதாரண மல்டிமீட்டரும் போதாது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்; எதையும் அளக்காதபோதே 0.2 அல்லது 0.3 ஓம் என்று காட்டும். அது அதன் சொந்த வயர்களின் தடை. அட்டமைசரை மேலே திருகி வைத்து அளக்கும் ஓம் மீட்டர் ஒன்று தேவை. அல்லது நம்பகமான சிப் கருவி ஒன்றில் வைத்து அது காட்டும் ஓமைப் பார்க்கலாம். எண் வந்ததும் திருப்தியடைந்துவிடாமல், காயிலைப் பீங்கான் இடுக்கியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் தாவினால் திருகு சரியாக இறுகவில்லை, அல்லது கால் எங்கோ உரசுகிறது. பிறகு பஞ்சு வைப்பதற்கு முன், சிப் கருவியில் குறைந்த வாட்டில் விட்டு விட்டு அழுத்தி, காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் பழுக்கக் காய்ந்தால் அங்கே தொடர்பு சரியில்லை. ஆறியதும் திருகுகளை மறுபடி இறுக்குங்கள். சூட்டில் அவை நெகிழ்வது வழக்கம். கால்களின் மிச்ச நுனியைத் திருகை ஒட்டி நறுக்கிவிட்டு, மேல்மூடியைப் போட்ட பிறகும் ஒருமுறை அளந்துவிடுங்கள், ஏனென்றால் மூடி காயிலைத் தொட்டால் அதுவரை இல்லாத ஷார்ட் அப்போதுதான் பிறக்கும். இத்தனையும் முடிந்த பிறகே அட்டமைசர் மெக் மாடின் பக்கம் வரலாம். சோதனைக்கூடமாக மெக் மாடைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தீக்குச்சி கொளுத்தி எரிவாயுக் கசிவைத் தேடுவது போன்ற காரியம்.

இதுவரை சொன்னது கணக்குக்கு உட்பட்டது. குறுக்கு வழிகளுக்கு வருகிறேன். முதலாவதும் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவதும் ஹைபிரிட் இணைப்பு. அட்டமைசரைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்: 510 எனப்படும் மரையுள்ள வெளிவளையம் எதிர்மின் பக்கம், நடுவில் நிற்கும் பின் நேர்மின் பக்கம், இரண்டுக்கும் இடையில் மெல்லிய காப்பு வளையம். ஹைபிரிட் வகை மாடில் நடுத் தகடு ஏதும் இல்லாமல் இந்தப் பின் நேரே பேட்டரியின் தலைமேல் உட்காருகிறது. பின், வெளிவளையத்தைத் தாண்டித் தெளிவாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் பேட்டரியின் நேர்முனை பின்னை மட்டும் தொடும். பின் வளையத்தோடு சமமாக இருந்தாலோ, ஸ்பிரிங் பொருத்திய பின்னாக இருந்து உள்ளே அமுங்கினாலோ, பேட்டரியின் தலை வளையத்தையும் சேர்த்துத் தொடுகிறது. அப்போது பொத்தானை அழுத்தினால் மின்சாரம் காயிலை எட்டிக்கூடப் பார்க்காது; நேர்முனையிலிருந்து வளையம், குழாய், பொத்தான் வழியாக எதிர்முனைக்கு வந்துவிடும். வழியில் இருக்கும் மொத்தத் தடை பேட்டரியின் உள்தடையும் உலோகத்தின் தடையும்தான்; ஓமில் நூறில் சில பங்கு. மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டிவிடும். மேலே 1 ஓம் காயில் இருந்தாலும் இதே கதைதான். நகத்தை வளையத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். பின்னில் நகம் தடுக்கி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அந்த அட்டமைசர் ஹைபிரிட் மாடுக்கு உதவாது. ஆயத்தக் காயில் போடும் டாங்குகள் (திரவத் தொட்டி உள்ள அட்டமைசர்கள்) பலவற்றில் பின் இப்படித்தான் சமமாக இருக்கும்.

இரண்டாவது குறுக்கு வழி பேட்டரியின் மேலுறை. பேட்டரிக்கு நேர்முனை ஒரு பக்கம், எதிர்முனை மறுபக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் தலையில் உள்ள சின்ன வட்டம் மட்டுமே நேர்முனை, அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட முழு உலோகக் குப்பியும் எதிர்முனை. இரண்டையும் பிரிப்பது தலையில் உள்ள ஒரு காகித வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். கீழ்ப்பொத்தான் உள்ள குழாயில், பொத்தானின் வேலையே பேட்டரியின் எதிர்முனையைக் குழாயோடு சேர்ப்பது. உறையில் ஒரு கிழிசல் குழாயைத் தொட்டால், பொத்தானின் வேலையைக் கிழிசலே செய்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான். சட்டைப்பையில் இருந்த மாட் யாரும் அழுத்தாமலே சூடாகிப் பஞ்சு கருகும் வாசம் வந்தது; எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது உறையின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு கிழிசல். மின்சாரத்தின் வழியில் காயில் இருந்ததால் சேதம் பஞ்சோடு போயிற்று. அதே கிழிசல் தலை விளிம்பில் இருந்து, அட்டமைசரின் பின் அங்கே சாய்ந்து தொட்டிருந்தால் நேர் ஷார்ட். அதன் பிறகு ஒவ்வொரு முறை பேட்டரியை உள்ளே விடும்போதும் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். கிழிந்த உறையை மாற்றச் சூட்டில் சுருங்கும் உறைகள் கிடைக்கின்றன. காகித வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பொத்தானுக்குப் பூட்டு வளையம் இருக்கிறதா, அதைத் தினமும் பயன்படுத்துகிறீர்களா, நிமிர்த்தி வைத்தால் மேசையே அதை அழுத்திவிடாதபடி பொத்தான் உள்ளடங்கி இருக்கிறதா என்பனவற்றையும் பாருங்கள். குழாயில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ளப் பேட்டரியின் உள்ளே போக வேண்டும்.

செல்லின் நேர் மின்முனைத் தாளையும் எதிர் மின்முனைத் தாளையும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம் பிரிக்கிறது. நடுவில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் ஊறியிருக்கிறது. மிகையான மின்னோட்டத்தால் சூடு ஏறி, 130 பாகை செல்சியஸ் அளவில் அந்தப் படலம் உருகத் தொடங்கினால் இரு தாள்களும் உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூடு மேலும் சூட்டைக் கிளப்பும். நேர் மின்முனைப் பொருள் சிதைந்து தானே ஆக்சிஜனையும் விடும். வெளியிலிருந்து காற்று தேவையில்லாத தீ அது. வாயு அழுத்தத்தை வெளியேற்ற பேட்டரியின் தலைப்பக்கத்தில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். மெக் மாடில் அந்தத் தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: அட்டமைசரை, அதாவது உங்கள் முகத்தை. வாயு வெளியேறப் போதிய துளை இல்லாத குழாய் துப்பாக்கிக் குழலுக்கு ஒப்பாகிவிடுகிறது. 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சாஸிலும் வேப்பிங் கருவி வெடித்து ஒவ்வொருவர் இறந்தார்கள். இருவரையும் கொன்றது தெறித்து வந்த கருவியின் பாகங்கள்தாம், ஒருவருக்குத் தலையில், மற்றவருக்குக் கழுத்து நாளத்தில்.

சார்ஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக் மாட் எந்த இடத்திலும் தானாக நிற்காது என்பதால், ஆவி மெலிந்ததும் பேட்டரியை எடுத்து அளந்து, 3.4 வோல்ட் அளவுக்கு வந்திருந்தால் சார்ஜில் போடுங்கள். 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கி நெடுநேரம் கிடந்த செல்லில் எதிர் மின்முனையின் செம்புத் தாள் கரையத் தொடங்கலாம். அதை மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு உள்ளேயே படிந்து ஷார்ட்டுக்கு வழி செய்யும். அப்படிப்பட்ட செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்தும் தனிச் சார்ஜரில், கண் முன்னால், தீப்பற்றாத தளத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். தூங்கப் போகும்போது வேண்டாம். உதிரிப் பேட்டரிகளைச் சாவி, சில்லறையோடு பையில் போடுவது மேலே சொன்ன ஷார்ட்டை வேறு வகையில் செய்வதுதான். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மாடுகளில் 8.4 வோல்ட் வருகிறது, 0.5 ஓம் காயிலே 16.8 ஆம்பியர் கேட்கும். அதை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

பொத்தானோ குழாயோ வழக்கத்துக்கு மாறாகச் சூடானால் விரலை எடுத்துவிட்டு, முடிந்தால் அட்டமைசரைக் கழற்றிப் பேட்டரியை வெளியே விடுங்கள். சீறும் ஒலி கேட்டாலோ இனிப்பான கரைப்பான் வாசம் வந்தாலோ கழற்றும் கட்டம் தாண்டிவிட்டது. வீட்டுக்கு வெளியே வெறுந்தரையில் எறிந்துவிட்டு விலகி நில்லுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள், ஏனென்றால் அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். லித்தியம் என்ற பெயரைக் கேட்டுத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். இந்த வகைப் பேட்டரியில் உலோக லித்தியம் தனியாக வைக்கப்படுவதில்லை, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் தீ அடுத்த பொருளுக்குத் தாவாமல் தடுக்கும். உடலில் சுட்டிருந்தால் மருத்துவரிடம் இது பேட்டரியால் வந்த காயம் என்று முதலிலேயே சொல்லுங்கள். சூட்டோடு இரசாயனமும் சேர்ந்த காயத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் இருக்கும் அந்த 35 ஆம்பியர் பேட்டரியைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. உறையை மாற்றி வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உள்ளிருப்பது எந்தச் செல் என்று தெரியாதவரை கூடாது. இரு முனைகளிலும் டேப் ஒட்டி, வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.